இதில் என் பங்கு எந்தப் பக்கம்?

சரவணா,

நீ கேட்ட அட்டையை நான் வாங்கி வரவில்லை. கடிதத்தைக் கடைசிவரை படித்த பிறகு இது தெரிந்து நீ எரிச்சல்படக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யோகுவின் கடைக்குப் போனேன். அட்டையைக் கையில் வாங்கி நன்றாகப் பார்த்தேன். திரும்ப அவனிடமே கொடுத்துவிட்டு வந்தேன். உங்கள் கல்யாணத்துக்காக நாங்கள் பழனிக்கு இறங்கும்போது என் பையில் அது இருக்காது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று ஓட்டிவிடுவாய், நானும் சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிடுவேன். எழுதினால்தான் எனக்கு வரிசையாக வரும். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் நான்கு பக்கம் எழுதி, ஓரத்தில் பென்சிலால் கோடும் போட்டுக் கொண்டுபோய் நீட்டுகிறவள் நான். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்று உனக்கே தெரியும். நித்யாவும் இதைப் படிக்கட்டும். நீங்கள் இருவரும் வாங்கப்போகிற வீட்டுக்கான முன்பணம் இதில்தான் இருக்கிறது என்று நீ சொன்னதால், அவளுக்கும் இதில் பேச இடம் உண்டு.

நீ முதன்முதலில் விளக்கியபோது எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் புரியாததைப் புரியாமலே விட்டுவிட என்னால் முடியாது. மறுநாள் நூலகத்தில் பிள்ளைகள் வகுப்புக்குப் போன நேரத்தில் உட்கார்ந்து படித்தேன். ஒரு வாரம் படித்தேன். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தவறிருந்தால் திருத்து. விளையாட்டுக்காரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளை அமெரிக்காவில் பிள்ளைகள் சேர்ப்பார்கள். ஓர் ஆட்டக்காரர் ஆடவந்த முதல் வருடத்து அட்டைக்கு மதிப்பு அதிகம். அவர் பிற்பாடு பெரும் புகழ் பெற்று, அட்டையும் அழுக்குப்படாமல் பிழைத்திருந்தால் அது அபூர்வம். அதைச் சோதித்து மதிப்பெண் போடுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நான்கு மூலையும் கூர்மையாக இருக்கிறதா, ஓரம் பிசிறில்லாமல் இருக்கிறதா, படம் நட்டநடுவில் விழுந்திருக்கிறதா, மேற்பரப்பில் கீறல் உண்டா என்று பார்த்து, கெட்டி பிளாஸ்டிக்குக்குள் அடைத்து முத்திரை வைக்கிறார்கள். (இதைப் படித்தபோது எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பழைய புத்தகங்களை நான் பார்ப்பதும் அப்படித்தானே.) விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதால், ஒரு கம்பெனி அந்த அட்டையை எடுத்துப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டி, அதன் உரிமையை ஆயிரமோ பத்தாயிரமோ பங்குகளாக்கிப் போன் வழியாக விற்கிறது. விற்ற பணம் அட்டையைக் கொடுத்தவருக்குப் போகும், அவர் சில பங்குகளைத் தனக்கே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். பிறகு யாராவது அட்டையை முழுசாகக் கேட்டு வந்தால், பங்குக்காரர்கள் ஓட்டுப் போட்டு விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

இதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல யோசனைதான். நீ சொன்ன தொகையைக் கேட்டு உன் அப்பா, "இன்னொரு தடவ சொல்லச் சொல்லு" என்றார். இடறியது கடைசியில்தான். இந்த அட்டைக்கு நான் ஒருவனே உரிமையாளன், வேறு எவருக்கும் இதில் பாத்தியதை இல்லை என்று நீ கையெழுத்துப் போட்டுத்தர வேண்டும் என்றாய். யோகு இருக்கிறானே என்றேன். நீ சற்றும் யோசிக்காமல் சொன்னாய்: "அது சும்மா ஒரு சம்பிரதாயம்மா. அவனுக்கு ஏதாவது குடுத்துருவோம்."

அந்த ‘ஏதாவது’தான் என்னை எழுத வைத்தது.

அட்டை உங்களிடம் வந்த விதம் நினைவிருக்கிறதா? நீ மறந்திருக்க மாட்டாய், ஆனால் நித்யாவுக்குத் தெரியாது. இங்கே கொடைக்கானல் பள்ளியில் ஆண்டு முடிந்து வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பும்போது, பெட்டிக்குள் அடங்காததை எல்லாம் விடுதி வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். கம்பளிச் சட்டை, ஒற்றை ஷூ, பாதி எரிந்த மெழுகுவர்த்தி, கிதார் கம்பி. வேலைக்காரர்களின் பிள்ளைகள் நீங்கள் எல்லாரும் அன்றைக்கு மழையிலும் அங்கேதான் நிற்பீர்கள். நான் நூலகத்தில், உன் அப்பா விளையாட்டுச் சாமான் அறையில், யோகுவின் அம்மா விடுதிச் சலவைக்கூடத்தில் என்று எல்லாரும் ஒரே வளாகத்தில் வேலை பார்த்த காலம். யோகு வீட்டார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே ஊன்றியவர்கள். நீங்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே சேட்டை. ஒரு அமெரிக்கப் பையன் தன் ஷூ டப்பாவை உங்கள் இருவர் கையிலும் சேர்த்தே கொடுத்துவிட்டுப் போனான். திறந்தால் உள்ளே அட்டைகள்.

சாமான் அறைத் தரையில் பரப்பி, ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டே வந்தீர்கள். கடைசியில் ஒன்று மிஞ்சியது. கூடைப்பந்தோடு எகிறி நிற்கிற அந்த ஒல்லிப் பையன் யாரென்று அப்போது உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. மிஞ்சியதனாலேயே இரண்டு பேருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. நீ ஒரு பக்கம் பிடிக்க அவன் ஒரு பக்கம் பிடிக்க, வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த உன் அப்பா திரும்பிப் பார்த்தார். "ஏலே, இழுத்தா கிழிஞ்சு போகும். நம்ம கெணத்துத் தண்ணிய வெட்டியா பங்கு போடுறோம்? முறை வச்சுக்கங்க. அமாவாசைக்கு அமாவாசை மாத்திக்கங்க" என்றார்.

அமாவாசை என்று அவர் சொன்னது அவருடைய ஊர்ப்பழக்கத்தில். அய்யம்பாளையத்தில் உன் தாத்தா காலத்தில் அமாவாசையன்று ஏர் பூட்ட மாட்டார்கள். மாட்டுக்கும் மனிதனுக்கும் ஓய்வு. அன்றைக்குத்தான் பங்காளிகள் கிணற்றடியில் கூடி, யாருக்கு எந்த நாள் தண்ணீர், யார் எவ்வளவு தூர் வார வேண்டும் என்று பேசி முடிப்பார்கள். இந்த மலையில் மேகம் விலகி நிலாவைப் பார்ப்பதே அபூர்வம். நீங்கள் நாள்காட்டித் தாளைக் கிழித்துக் கிழித்துக் கறுப்பு வட்டத்தைத் தேடினீர்கள். நாள் வந்ததும் இருவரும் சாமான் அறைக்கு வருவீர்கள். வாங்குகிறவன் நான்கு மூலையையும் பார்த்து, பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்து, "சரியா இருக்கு" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கைமாறும். மதிப்பெண் போடுகிறவர்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தச் சாமான் அறைதான் நினைவுக்கு வந்தது.

ஒரு தடவை உன் முறையில் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விளையாட்டு விழாவுக்குப் போனாய். மழை பிடித்துக்கொண்டது. அந்த மாதம் கைமாறும்போது யோகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். "மூலை மழுங்கிக் கெடக்கு. நான் வாங்கமாட்டேன்." நீ ஒன்றுமே ஆகவில்லை என்று சாதித்தாய். உன் அப்பா இருவரையும் விசாரித்துவிட்டு, யோகுவுக்கு ஒரு முறை கூடுதல் என்று தீர்ப்புச் சொன்னார். நீ இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பசித்ததும் பேசினாய்.

இனி கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ அப்போது கோயம்புத்தூரில் கல்லூரிப் படிப்பில் இருந்தாய், உனக்கு இதில் பாதிதான் காதில் விழுந்திருக்கும். பங்கு என்ற சொல்லுக்கு உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. தாத்தாவுக்குப் பிறகு அந்தக் கிணறு மூன்று பங்கானது. ஒன்று உன் அப்பாவுக்கு, ஒன்று உன் சித்தப்பாவுக்கு, ஒன்று பக்கத்துத் தோட்டக்காரருக்கு. சித்தப்பா தன் தோட்டத்தைக் கிணற்றுப் பங்கோடு திருப்பூர்க்காரர் ஒருவருக்கு விற்றார். அவர் பத்திரத்தைப் பார்த்து வாங்கினார், இடத்தைப் பார்க்க வரவில்லை. விலை ஏறட்டும் என்று போட்டுவைத்தார், அவ்வளவுதான். அதில் குற்றமில்லை. ஆனால் கிணறு அவருக்காகக் காத்திருக்குமா? தூர் சேர்ந்துவிட்டது. மோட்டார் புகைந்தது. அவரவர் பங்குக்குப் பணம் போட்டால்தான் வேலை நடக்கும். உன் அப்பா போன் போட்டால் அவர், "நீங்க பாத்துச் செய்ங்க, அடுத்த மாசம் பேசுவோம்" என்பார். மற்ற இருவரும் சேர்ந்து செலவழித்துவிடலாம்தான். ஆனால் வராதவருக்கும் சேர்த்து நாம் ஏன் வார வேண்டும் என்று பக்கத்துத் தோட்டக்காரர் பிடிவாதம் பிடித்தார். இரண்டு கோடை அப்படியே போனது. மருதாநதி அணையில் தண்ணீர் இருந்தும் நம் தென்னைகள் மட்டை தொங்கி நின்றன.

கடைசியில் நான் அவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். கிணற்றின் ஆழம், தூரின் அளவு, வாடிய மரங்கள், எல்லாம் எழுதி, படமும் போட்டு அனுப்பினேன். உன் அப்பா, "திருப்பூர்ல இதப் படிக்கவா ஒக்காந்திருக்காக" என்று சிரித்தார். ஆனால் அவர் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டையோடு காரிலிருந்து இறங்கி, கிணற்றடிக்கு வந்து எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு மெய்யாகவே கேட்டார்: "இதுல என் பங்கு எந்தப் பக்கம்ங்க?"

பக்கத்துத் தோட்டக்காரர் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். உன் அப்பா மட்டும் சிரிக்காமல் பதில் சொன்னார்: "தண்ணி மேல வந்தா மூணுல ஒண்ணு உங்களுதுங்க. தூரு கெடக்குற வரைக்கும் அதுலயும் மூணுல ஒண்ணு உங்களுதுதான்." அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது. அந்த வாரமே பணம் அனுப்பினார். இன்றைக்கு மூன்று பேரில் முறை தவறாதவர் அவர்தான். தூர் வாருகிற நாளில் நம்மை விட முன்னால் வந்து நிற்கிறார். அதனால் வெளியாட்களிடம் பங்கை விற்கவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. தன் பங்கைக் கண்ணால் பார்த்தவர் நல்ல பங்காளியாகிவிடுகிறார். பார்க்காதவர் யாராயிருந்தாலும், சொந்தத் தம்பியாகவே இருந்தாலும், அந்த இடத்தில் ஒரு ஓட்டைதான்.

இந்த நினைப்போடுதான் போன சனிக்கிழமை யோகுவின் கடைக்குப் போனேன். தூறலும் காற்றுமாக இருந்தது. ஏரி கண்ணுக்கே தெரியவில்லை. அவனுடைய சாக்லேட் கடை இப்போது பெரிதாகிவிட்டது, பின்னால் செய்கிற அறை தனி. என்னைக் கண்டதும், "செருப்பையும் குடையையும் வெளியவே விட்டுருங்கம்மா. ஈரம் பட்டா சாக்லேட் மேல வெள்ளையாப் பூத்துப் போகும்" என்றான். உள்ளே ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. கொடைக்கானல் முழுக்கத் தேடினாலும் இவ்வளவு காய்ந்த அறை கிடைக்காது. என் நூலகத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அலமாரிக்குள் பல்பு எரியவிட்டு நான் படும் பாட்டை நினைத்தால் பொறாமையாக இருந்தது. அந்த அறையில் பாதாம் டப்பாக்களுக்கு மேல்தட்டில், கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள், படம் சுவரைப் பார்க்க, உங்கள் அட்டை நின்றுகொண்டிருந்தது. வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்று அவன்தான் அப்படித் திருப்பி வைத்திருக்கிறான்.

நூலகத்துப் பூதக்கண்ணாடியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். வெள்ளை ஓரம் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது. மேற்பரப்பில் ஒரு கீறல் இல்லை. மூன்று மூலைகள் ஊசியைப் போல இருக்கின்றன. வலப்பக்கக் கீழ்மூலை மட்டும் மழுங்கியிருக்கிறது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அது அவன் முறையில ஆனதும்மா. அது ஒண்ணுக்குத்தான் மார்க்கு கொறையும்" என்றான். சரவணா, உன் தாய் என்றாலும் சொல்கிறேன். அந்த அட்டைக்கு இன்றைக்கு இருக்கிற விலை அவன் காப்பாற்றியது, அதில் குறைந்தது நீ குறைத்தது.

உனக்காகக் கேட்டேன். அட்டையைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறான் என்றேன். அவன் சாக்லேட் அச்சுத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே, "இது என் முறைதானேம்மா. அவன் காலேஜுக்குப் போன மாசம் என் முறை வந்துச்சு. அடுத்த அமாவாசைக்கு அவன் வந்து வாங்கிக்கல. அதுக்கடுத்ததுக்கும் வரல. நான் என்ன செய்ய?" என்றான். கேலிதான், ஆனால் கேலிக்குள் ஒரு சின்ன முள்ளும் இருந்தது. பங்காகப் பிரித்து விற்கும் திட்டத்தை விளக்கத் தொடங்கினேன். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சீசன் இல்லாத நாட்களில் கடையில் உட்கார்ந்து இந்த அட்டைகளின் விலையைத்தான் போனில் பார்த்துக்கொண்டிருப்பானாம். போன கோடையில் ஒரு சுற்றுலாக்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, அங்கேயே பேரம் பேசியிருக்கிறார். பாதி இன்னொருத்தனுடையது என்று சொல்லி அனுப்பிவிட்டானாம். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நீ விற்றுவிடுவாய் என்று நினைத்தானாம். சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

பிறகு அந்தக் கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன். மறைத்து வாங்கிவர எனக்கு மனசு வரவில்லை. "சரவணன் மட்டும் தனியாக் கையெழுத்துப் போடணுமாம்ப்பா. உனக்குக் குடுக்க வேண்டியத குடுத்துருவானாம்" என்றேன். உன் ‘ஏதாவது’வை நான்தான் கொஞ்சம் திருத்திச் சொன்னேன். அவன் கை நின்றது.

"குடுக்குறதுக்கு அவன் யாருங்கம்மா?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னான். "எனக்கும் விக்கணும்தான். பெரிய மிஷின் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். பங்குபோட்டு விக்கிறதும் நல்ல சோலிதான், நான் வேணாங்கல. ஆனா கையெழுத்துப் போடுற எடத்துல ரெண்டு பேருக்கு எடமில்லைன்னா வேற கம்பெனி பாக்கச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஸ்வெட்டரைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "முறைக்காரன் இல்லாம மடையத் தொறந்தா அதுக்கு ஊருல என்ன பேரு வப்பாகன்னு அவனுக்குத் தெரியும்ல?" என்றார். நீயே அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொள்.

உன்னை நான் அப்படி நினைக்கவில்லை. நீ அவசரத்தில் இருக்கிறாய். கல்யாணம், வீடு, வேலை என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறது. அவசரத்தில் இருப்பவனுக்கு மற்றவர் பங்கு சம்பிரதாயமாகத் தெரியும். நீ யோசித்துப் பார்த்தால் உனக்கே இதன் வேடிக்கை தெரியும். முகம் தெரியாத ஆயிரம் பேருக்குப் பங்கு கொடுக்கத் தயாராயிருக்கிறாய். அவர்களுக்கு ஓட்டு உண்டு, கணக்குக் கேட்கிற உரிமை உண்டு. முதல் பங்குக்காரனுக்கு மட்டும் ‘ஏதாவது’. அந்தக் கம்பெனி இப்போது செய்வதை நீங்கள் இருவரும் அந்தச் சாமான் அறையிலேயே செய்துவிட்டீர்கள். பங்கு, முறை, சோதனை, அபராதம், நடுவர் எல்லாமே இருந்தது. ஆயிரம் பேரை அதில் சேர்ப்பதென்றாலும் அதே ஒழுங்கோடு சேருங்கள்.

இனி நான் படித்ததிலிருந்து சில யோசனைகள். கேட்டால் கேள், ஆனால் நான் குறிப்பெடுத்துவிட்டேன், சொல்லாமல் இருக்க முடியாது. கிணற்றுக்கும் அட்டைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கிணற்றில் பங்கிருந்தால் விற்காமலே அது வருடா வருடம் தண்ணீர் தரும். அட்டை ஒன்றும் தராது. அடுத்தவர் வந்து அதிக விலை கேட்டால்தான் உண்டு, கேட்கிற வரைக்கும் பெட்டக வாடகையும் காப்பீடும் போய்க்கொண்டே இருக்கும். அதை யார் கொடுப்பார்கள் என்று கேட்டேன், பங்குத்தொகையிலேயே கழித்துக்கொள்வார்கள் என்றாய். சரி. கம்பெனியே மூடிவிட்டால் அட்டை யாரிடம் போகும் என்று கேட்டேன். நம் நாட்டுச் சட்டத்தில் இந்த மாதிரிப் பங்குக்கு என்ன பாதுகாப்பு என்றும் கேட்டேன். "பாத்துக்கலாம்மா" என்றாய். அது பதில் இல்லை, சரவணா. கையெழுத்துக்கு முன்னால் இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்கு. நீங்கள் வைத்துக்கொள்ளும் பங்கை வேண்டியபோது விற்க முடியுமா, இல்லை, வாங்க ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டுமா என்றும் கேள். காத்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதனால் முதலில் கைக்கு வருகிற பணத்தில் உன் பாதியை மட்டும் வீட்டுக் கணக்கில் எழுது. பிற்பாடு ஏறப்போகிற விலையை நம்பி ஒரு அறை கூடுதலாகக் கட்டிவிடாதே. நித்யா கணக்கில் கெட்டி, அவளிடம் கொடுத்தால் அவளே இதைச் சொல்வாள்.

ஆக, செய். பயப்படாமல் செய். ஆனால் இரண்டு பெயரும் எழுத இடமிருக்கிற கம்பெனியைத் தேடிப் பிடி. இந்தக் கம்பெனியையே கேட்டுப் பார், நீ கேட்டிருக்கவே மாட்டாய் என்று எனக்கு ஒரு சந்தேகம். உன் பெயரை மட்டும் போட்டு முடித்துவிட நினைத்தால் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள். அட்டை கைமாறிய நாட்களில் சாமான் அறையில் உன் அப்பா இருந்தார். பல நாள் நானும் இருந்தேன். யாராவது எங்களைக் கேட்டால், நாங்கள் இரண்டு பெயர் சொல்வோம். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே. நீ கேட்பதற்கு முன்பே விடையைச் சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான்.

அமாவாசை உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் வருகிறது. பழனி மண்டபத்துச் சோலி எல்லாம் உன் மாமாமார் பார்த்துக்கொள்வார்கள். பஞ்சாமிர்தம் சொல்லியாகிவிட்டது, பந்திக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. அன்றைக்கு வெள்ளனே எழுந்து மலைக்கு வரும் பேருந்தைப் பிடி. யோகு சொல்லி அனுப்பியதை அப்படியே எழுதுகிறேன்: "வந்தா நாலு மூலையயும் பாத்துச் சொல்லிட்டு வாங்கிக்கிறட்டும். வரலைன்னா என் முறை ஓடும்." கம்பெனி கொடுத்த காகிதங்களையும் கொண்டுவா, அவனும் படித்துப் பார்க்கட்டும். கொஞ்சம் ஏச்சு விழும், வாங்கிக்கொள். அவன் அறைக்குள் போகும்போது குடையை வெளியே விட்டுவிடு.

ஒன்று விட்டுப்போயிற்று. பங்கு விற்பனைக்கு வருகிற நாளில் எனக்கும் ஒன்று வாங்கு, பணம் என் சம்பளத்திலிருந்து தருகிறேன். ஒரு பங்குக்காரியாவது அட்டையைக் கண்ணால் பார்த்தவளாக இருக்கட்டும். என் பங்கு எந்தப் பக்கம் என்று நான் கேட்க மாட்டேன். வலப்பக்கத்துக் கீழ்மூலை என்னுடையது.

அம்மா